தலைகீழாகத் தொங்கிய குடும்பம்

‘எங்கள் வீடு’ என்று கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார் மைனா டீச்சர். அணில் குட்டி மாலை முழுக்கக் கிளை தாவிக் களித்துவிட்டு, காலையில் பக்கத்தில் இருந்த வௌவாலின் நோட்டைப் பார்த்து அவசர அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டது.

டீச்சர் வகுப்பில் வாய்விட்டுப் படித்தார். “எங்கள் வீட்டில் எல்லோரும் தலைகீழாகத் தொங்குவோம்.” பிறகு நிமிர்ந்து, “அப்படியா? ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்,” என்றார்.

பள்ளி விட்டதும் அணில் ஒரே ஓட்டமாக ஓடியது. வீட்டில் போய் அழுதது.

“ஐயோ, மார்க் போயிடுமே,” என்று அம்மா பதறினாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். “தொங்கிட்டாப் போச்சு.”

மூன்று நாள் விடாமல் பழகினார்கள். ஞாயிறன்று டீச்சர் வந்தபோது குடும்பமே கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“வாங்க டீச்சர், நாங்க எப்பவும் இப்படித்தான்,” என்ற அப்பா, மரியாதைக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். கால் நழுவியது. பிடிக்கப் போன அம்மாவும் கீழே வந்து சேர்ந்தாள்.

டீச்சர் சிரிக்கவே இல்லை. “அடுத்த கட்டுரை, ‘எங்கள் வீட்டுக்கு டீச்சர் வந்த நாள்’,” என்று சொல்லிவிட்டுப் பறந்தார்.

அணில் அப்போதே நோட்டை விரித்தது. முதல் வரி தானாக வந்தது.

‘முதலில் விழுந்தது எங்கள் அப்பா.’