நம்ம வீட்டு ஓட்டு

தண்ணீர்த்தொட்டிக்கு என்ன பெயின்ட் என்பதைக்கூடக் குடியிருப்புச் செயலாளர் ஓட்டெடுப்பில்தான் முடிப்பார். மகன் தன் சிநேகிதனைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டபோதும், "நாப்பத்தோரு வீடும் ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும்" என்றுவிட்டார்.

இன்று மனைவி சீட்டுகளைப் பிரிக்கப் பிரிக்க, அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"கூடாது... கூடாது... இதுவும் கூடாது."

"மூணாம் வீட்டுக்காரனுக்கு நம்ம வீட்டு விஷயம் என்னடி தெரியும்?"

"தெரிஞ்சவங்கதான் ஓட்டுப் போடணும்னு நீங்க சொல்லவே இல்லையே."

நாற்பது சீட்டும் பிரித்தாயிற்று. சரிபாதி!

"நம்ம வீட்டு ஓட்டுதான் பாக்கி" என்றாள்.

"குடு, நான் போடறேன்!"

"நீங்களும் நானும் இனியும் புருஷன் பெண்டாட்டியா இருக்கலாமான்னு, பையன் விஷயத்துல நீங்க செஞ்ச மாதிரியே, நானும் நாப்பது வீட்டையும் கேட்டிருக்கேன்; அதுக்கு நாமளே ஓட்டுப் போட்டா நல்லாவா இருக்கும்? சீட்டைப் பையன்கிட்ட குடுத்திருக்கேன்."