நாற்பத்தேழாம் பக்கத்து வால்

பகல் பன்னிரண்டுக்கு இணையதளம் திறக்கிறது. பதினொன்று ஐம்பதுக்கு அவள் ஓர் எழுத்தை மாற்றினாள்.

"வால்" என்று இருந்ததை "வாள்" ஆக்கினாள். அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக உறுத்திய முள் ஒரே தட்டில் வெளியே வந்துவிட்டது.

அவள் அந்தப் பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். பதிப்பகம் என்றால் நாவல் போடுகிற இடமில்லை. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரனாகவும் திருடியாகவும் மந்திரவாதியாகவும் மாறிப் பகடை உருட்டி ஆடுவார்களே, அந்த விளையாட்டுக்குத் தலையணை கனத்தில் புத்தகம் போடுகிற இடம்.

இனிமேல் புத்தகம் கிடையாது. சந்தா கட்டினால் மாதம் ஒரு குகை, ஒரு பூதம், ஒரு வரைபடம். பழைய புத்தகமும் சேர்த்து எல்லாம் இணையத்தில்.

முதலாளிக்கு இதில் அரை மனசு. அவளுக்கோ கொண்டாட்டம். அச்சில் ஏறின பிழை ஏறினதுதான். இணையத்தில் ஏறினதை எப்போது வேண்டுமானாலும் இறக்கிவிடலாம்.

நாற்பத்தேழாம் பக்கத்தில், செத்துப்போன ராஜாவின் ஆவி வந்து வீரனுக்குத் தன் மந்திர வாளைக் கொடுக்கும். அதை இடுப்பில் கட்டிக்கொண்டவரை எவராலும் வெல்ல முடியாது. அச்சாகி வந்த புத்தகத்தில் அந்த ஆவி வாலைக் கொடுத்துவிட்டது.

முதல் பிரதியைப் புரட்டும்போதே முதலாளி கண்டுபிடித்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்துத் தையற்கடையில் இயந்திரம் நின்றுபோயிற்று. இதற்குக் காரணமான ஆள் இந்தக் கணமே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அவள் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பிழை யார் கையில் பிறந்திருந்தாலும், பிடிக்க வேண்டியது அவள் கண். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் மூலையில் இருந்த பக்க வடிவமைப்பாளர் கையைத் தூக்கிவிட்டார். தட்டச்சில் தன் கை தவறிவிட்டது என்றார். அவர் போனால் பக்கம் போட ஆளில்லை என்பதால் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவர் பெயரே வால். தபால்காரர்கூட "வால் சார்" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தாள். தன் பங்குத் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்ட மனுஷன் ஆயிற்றே. முதலாளியிடம் போய் நடந்ததைச் சொல்லத்தான் இத்தனை வருஷமும் தைரியம் வரவில்லை.

இன்றைக்கு அந்த வால் போகிறது. அதோடு அந்தப் பெயரும் போகும்.

பன்னிரண்டுக்குத் தளம் திறந்தது. சந்தாதாரர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முதலாளியின் அரை மனசு முக்கால் மனசாயிற்று.

பன்னிரண்டு பத்துக்கு முதல் கடிதம் வந்தது. எங்கள் வால் எங்கே?

அடுத்தது, திருடியாக ஆடும் ஒரு பெண்மணி. எட்டு வருஷமாக அந்த வாலில் தொங்கித்தான் கோட்டை கோட்டையாக ஏறுகிறாராம். வாளில் தொங்கினால் கை என்னத்துக்கு ஆகும் என்று கேட்டிருந்தார்.

ஒரு பல் மருத்துவர் படமே அனுப்பியிருந்தார். நன்றாக வளர்ந்த ஐந்து பேர், இடுப்பில் துணியில் தைத்த வால், முகத்தில் பெருமை. வால் திரும்ப வராவிட்டால் ஐந்து பேரும் சந்தாவை நிறுத்திவிடுவார்களாம்.

பன்னிரண்டரைக்குள் இப்படி முப்பத்தொரு கடிதம். அது பிழை என்று ஒருத்தருக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை.

முதலாளி அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"யாரு வாலை வெட்டினது?"

மூலையில் வடிவமைப்பாளரின் கை பழக்க தோஷத்தில் மேலே போயிற்று. இந்தத் தடவை அவள் முந்திக்கொண்டாள். எழுந்து நின்றாள்.

"நான்தான் சார். அன்னிக்குப் பார்க்காம விட்டதும் நான்தான். இனிமே அவரை யாரும் வால்னு கூப்பிடாதீங்க."

கோபம் எந்தப் பக்கம் போவதென்று முதலாளிக்குத் தெரியவில்லை. அருமையான வாளை ஆளாளுக்குச் சேர்ந்து பாழாக்கிவிட்டீர்களே என்று புலம்பியபடி பீரோவைத் திறந்தார். அந்தப் புத்தகத்தைத் தான் முதன்முதலில் எழுதிவைத்த பழைய நோட்டை எடுத்துவந்து மேஜையில் போட்டு, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

முத்து முத்தான அவருடைய கையெழுத்தில் இருந்தது, மந்திர வால். அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

சிரித்துவிடக் கூடாது என்று எல்லோரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள்.

முதலாளி நோட்டை மெல்ல மூடினார். சந்தாதாரர் விருப்பம்தான் முக்கியம், வாலையே திரும்பப் போட்டுவிடு என்றார். பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

அவள் ளகரத்தை எடுத்துவிட்டு லகரத்தை வைத்தாள். தெரிந்தே ஒரு பிழையைப் போடுவது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாகவே இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. இந்த நோட்டைப் பார்த்துத்தானே வடிவமைப்பாளர் தட்டச்சு செய்தார். அவர் கை தவறவே இல்லை. அது அவருக்கு அன்றைக்கே தெரியும்.

நாற்காலியைத் திருப்பி அவரை முறைத்தாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதட்டோரத்தில் மட்டும் ஒரு சிரிப்பு.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, நீ எனக்குக் காப்பி வாங்கிக் குடுத்திருப்பியா?"

கோபமாக இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஒரு காப்பிக்காக எவ்வளவு பெரிய வேலை பார்த்திருக்கிறார் மனுஷன்!

கைப்பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவர் மேஜையில் வைத்தாள்.

"மூணு மணிக்கு ஸ்கூல் விட்டுடும். நம்ம வீட்டு வாலைக் கூட்டிட்டு வர இன்னிக்கு உங்க முறை."