நாற்பத்தேழுக்கு ஒரு டிக்

எட்டு இருபதுக்கு, என் தம்பி ராஜவேல் வந்து சேராமலேயே, அவன் எண்ணுக்கு நேரே டிக் போட்டேன்.

நோணாங்குப்பம் படகுத்துறைக்கு வெளியே ஒரு மடக்கு மேசை, நாலு தண்ணீர் கேன், ஒரு தாள். அங்கே நான் வாலண்டியர்.

நேற்றும் இன்றுமாக நடக்கும் தொடர் ஓட்டம். ஐம்பது அணிகள். ஓடி வருகிறவர் அடுத்தவர் கையைத் தொட வேண்டும், நான் தாளில் டிக் போட வேண்டும், அப்புறம்தான் அடுத்தவர் கிளம்பலாம். டிக் இல்லாமல் யாரும் நகரக் கூடாது.

இதற்கு நான் பெயர் கொடுத்த பிறகுதான், இதே ஞாயிற்றுக்கிழமையில் என் மகளுக்குக் காதுகுத்து என்று மாமியார் நாள் குறித்தார். நல்ல நாள் உன்னைக் கேட்டுக்கொண்டா வரும் என்பார். சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு மாடியில் பந்தல் போட்டாயிற்று. பத்தரைக்குள் குத்தியாக வேண்டும்.

பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவனோ எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் தான் வேலை பார்க்கும் கம்பெனியின் அணிக்காக, சவுக்குத் தோப்பு வழியே எட்டு கிலோமீட்டர் ஓட ஒத்துக்கொண்டிருந்தான். ஓடி முடித்ததும் என் ஸ்கூட்டரில் இருவரும் போய்விடுவதாகத் திட்டம்.

மாமன் மடி இல்லாமல் காது குத்தினால், நான் கிழவியாகும் வரை மாமியார் சொல்லிக் காட்டுவார். அந்தப் பயம் எனக்குக் காலையிலிருந்தே இருந்தது.

ஏழே முக்காலுக்கு வர வேண்டியவன் வரவில்லை. எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. அவனுக்கு அடுத்து ஓட வேண்டிய விக்ரம் என் மேசைக்கு முன்னால் காலை உதறிக்கொண்டு நின்றான்.

"நடுவுல தார் ரோடு ஒண்ணு வருதில்லக்கா, அங்கயே எவன் வண்டிலயாவது ஏறி காதுகுத்துக்குப் போயிருப்பாரு. நீங்க டிக் போடுங்க, நான் ஓடுறேன்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையைச் சொன்னால், அப்படி இருந்தால் வசதியாக இருந்தது.

தம்பியின் செல்போன் என் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்தது. வீட்டுக்குப் போன் போட்டு, வந்துவிட்டானா என்று கேட்டிருக்கலாம். மாமியார் எடுத்துவிடுவாரோ என்று போடவில்லை.

டிக் போட்டேன். விக்ரம் ஓடினான்.

அதற்குப் பிறகு வந்தது ஒரே ஒருத்தி, ஆறாம் எண் பெண். அடுத்தவர் கையைத் தொட்டுவிட்டு வந்து, ஒரு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"சவுக்குத் தோப்புல, பாதைய விட்டு உள்ளார ஒருத்தரு குப்புற கெடக்காரு. கூப்ட்டேன், எழுந்துக்கல."

"ஞாயித்துக்கெழமைல்ல" என்றேன்.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊரில் ஞாயிறு காலை தோப்புக்குள் ஒருவர் குப்புறக் கிடப்பது ஒரு செய்தியா? பாட்டில் மலிவென்று பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் வந்து கிடக்கிறார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அரிகிருஷ்ணன் இறங்கி வந்தார். தோப்பின் மணல் பாதைக்குள் அந்த வண்டி போகாது. ஓட வந்தவர்களில் ஒருவர் குறைந்தாலும் இரண்டு பேர் பைக்கில் உள்ளே போய்த் தேட வேண்டும், அதுவரை ஆம்புலன்ஸ் என் மேசைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

"அம்பதும் வந்தாச்சாம்மா?"

தாளை அவரிடம் நீட்டினேன். அவர் விரல் வைத்து எண்ணினார். ஐம்பது டிக்.

ஆம்புலன்ஸ் அடுத்த இடத்துக்குக் கிளம்பியது. பைக்குகளும் அதன் பின்னாலேயே போயின.

மேசையை மடக்கி வைத்துவிட்டு ஸ்கூட்டரில் சாவியைப் போட்டபோது கணவரின் போன் வந்தது.

"பத்தரு வந்து ஊசியோட குந்திட்டாரு. உன் தம்பிய மொதல்ல அனுப்புன்னு சொன்னேன் இல்ல, இன்னும் அங்க என்னா பண்றான்?"

போனைக் கட் செய்தேன். தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பாதையில் யாரும் இல்லை.

அரிகிருஷ்ணன் நம்பரை இரண்டு முறை தவறாக அழுத்தினேன்.

"நாப்பத்தேழு இன்னும் வரல. உடனே திரும்பி வாங்க, தோப்புக்குள்ள போவணும்."

"நாப்பத்தேழா? அந்த டீம் பையன் இப்பதான பாலத்துல எங்களத் தாண்டி ஓடினான். நீங்கதானம்மா டிக் காமிச்சீங்க?"

"தப்பா போட்டுட்டேன். அவன் என் தம்பி."

 வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. பாலத்தில் நெரிசல், இருபது நிமிடமாவது ஆகும் என்றார். நான் அதற்குள் பாதையில் ஓடிக்கொண்டிருந்தேன். செருப்பு மணலில் புதைந்து புதைந்து வந்தது, கழற்றி எறிந்தேன். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"காலைல உடம்புக்கு எதனா சொன்னாராம்மா?"

சொன்னான். அவன் ஓட வேண்டிய பகுதி தொடங்கும் இடத்தில் அவனை இறக்கிவிட்டபோது, இடது தோள் ஒரு மாதிரி வலிக்குதுக்கா என்றான்.

"உன் அக்கா பொண்ணு ஒண்ணும் அவ்ளோ கனக்க மாட்டாடா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன்.