தொட்டுக் கும்பிட்டவள்

“போட்டின்னு வந்துட்டா பண்ணைக்காரன் மகளாவது, பண்ணையாள் மகளாவது! ரண்டு புள்ளைகளும் நல்லா ஒதைச்சுக்கட்டுமுங்க டீச்சர்” என்றார் நாச்சிமுத்து, மண்டபமே கேட்கும்படி.

பக்கத்தில் இருந்தவர்கள் அசந்துபோனார்கள். எருமப்பட்டிப் பக்கம் இருபது ஏக்கர் தோட்டம், இரண்டு கிணறு உள்ள மனுஷன். இப்படிப் பேச எத்தனை பேருக்கு மனசு வரும், சொல்லுங்கள்!

1987. சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பள்ளிகளுக்கான டேக்வாண்டோ போட்டி. அந்தப் பெயர் யார் வாயில் நுழைகிறது? ஊருக்கு அது கராத்தேதான். பத்தாம் வகுப்புப் பெண்கள் பிரிவில் கடைசி ஆட்டத்துக்கு நின்ற இருவரும் ஒரே பள்ளிக்கூடம். ஒருத்தி நாச்சிமுத்துவின் மகள் வசந்தாமணி. இன்னொருத்தி அவர் தோட்டத்தில் வேலைக்கு இருக்கும் ஆண்டியின் மகள் சாலம்மாள். ஜெயிக்கிறவள் மாநிலப் போட்டிக்கு மெட்ராஸ் போவாள்.

வசந்தாமணிக்கு மெட்ராஸ் மட்டுமா பிரச்சினை? வீட்டிலேயே அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

“செயிச்சு மெட்ராஸ் போனீன்னா ஆடிக்க. தோத்தீன்னா இதோட செரி. அப்பறம் கராத்தேன்னு வாயத் தொறக்கப்படாது.”

மூன்று வருஷமாக விடிவதற்குள் எழுந்து பழகிய பெண். அதை விட்டால் அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

கமலவேணி டீச்சருக்கு இரண்டு பேருமே அவர் பழக்கிய பிள்ளைகள். யார் பக்கம் உட்காருவது? ஆனாலும் மனசு கேட்காமல் சாலம்மாளை ஓரமாக இழுத்துப்போனார்.

“சாலா, கால் பட்டுட்டா தொட்டுக் கும்புடற பழக்கத்தை இன்னிக்கு ஒரு நாளைக்கு மூட்டை கட்டி வையி. காலையில அதனாலேயே ரெண்டு அடி வாங்கினே. கையக் கீழ எறக்கினா மூஞ்சிக்கு ஏது காவல்?”

“செரிங்க டீச்சர். ஆனா அது தானா வந்துருதுங்க. யார் மேல கால் பட்டாலும் எங்கம்மா அப்படித்தான் சொல்லிக் குடுத்துச்சு.”

“எதிர்ல நிக்கிறவ மேல கால் படறதுக்குத்தான் இந்த ஆட்டமே! போ, நல்லா ஆடு.”

ஆட்டம் ஆரம்பித்தது.

முதல் சுற்றில் வசந்தாமணிக்கு ஒரு புள்ளி. இரண்டாவதில் சாலம்மாள் ஒன்று எடுத்துச் சமன் செய்தாள். மூன்றாவது சுற்றில் இரண்டு பேருக்குமே மூச்சு வாங்கியது. ஒருத்திக்கும் ஒன்றும் விழவில்லை. கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டது.

இன்னும் சில வினாடிகள்தான். சாலம்மாள் சட்டென்று திரும்பி உதைத்தாள். வசந்தாமணியின் மார்புக் கவசத்தில் தொப்பென்று விழுந்தது உதை.

புள்ளி!

அதோடு விட்டாளா? பழக்கம் விடுமா? பதறிப்போய்க் குனிந்து, கால் பட்ட இடத்தைத் தொட்டு, இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. சாலம்மாளின் தலை குனிந்திருந்தது, கண் மூடியிருந்தது. வசந்தாமணியின் கால் அதற்குள் மேலே எழும்பிவிட்டது. ஒரே உதை. அப்படியே சாய்த்துவிட்டால் ஆட்டமும் மெட்ராஸும் அவளுக்குத்தான்.

“ஒதை கண்ணு! மூஞ்சியிலயே ஒதை!” நாச்சிமுத்து எழுந்து நின்று கத்தினார்.

தூக்கிய கால் மெல்லக் கீழே இறங்கியது.

“அட, ஒதை புள்ளே!”

வசந்தாமணி அசையவில்லை. மணி அடித்துவிட்டது. ஒரு புள்ளியில் சாலம்மாளுக்கு வெற்றி.

கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்!

“சொகமா வளந்த புள்ளைங்க. கடைசி நேரத்துல தொடை நடுங்கிப்போச்சு.”

“அவங்கப்பன் எத்தன ஆசையா வந்தாரு பாவம். மானத்த வாங்கிட்டா.”

கமலவேணி டீச்சருக்கே ஆத்திரம் தாங்கவில்லை. “மூணு வருஷம் சொல்லிக் குடுத்தது இப்படி மரமாட்டம் நிக்கிறதுக்கா?” என்றார்.

நாச்சிமுத்து விறுவிறுவென்று வந்தார். முகம் சிவந்திருந்தது.

“ஏம்புள்ளே, காலு வெளங்காமப் போச்சா? கைக்கு வந்தத விட்டுட்டு நிக்கிறயே! இதோட முடிஞ்சுதுன்னு தெரியுமில்ல?”

“தெரியுமுங்கப்பா.” அவளுக்குக் கண்ணீர் நிற்காமல் வழிந்தது. கவசத்தின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

“அப்பறம் எதுக்கு நின்னே?”

“அவ கும்புட்டாளுங்கப்பா.”

“கும்புட்டா?”

“கும்புட்டுக்கிட்டு நிக்கிறவள எப்படிங்கப்பா ஒதைக்கிறது?”

கமலவேணி டீச்சர் சட்டென்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். தான் சொன்ன வார்த்தைக்கு அவருக்கே வெட்கமாக இருந்தது.

நாச்சிமுத்து மகளின் பார்வை தன்னைத் தாண்டிப் போவதைக் கண்டு திரும்பினார். பின்னால் ஆண்டி, மகள் ஜெயித்த சந்தோஷத்தைக்கூட வெளியே காட்டாமல், தலையைக் குனிந்தபடி நின்றிருந்தான்.

முந்தாநாள் வாய்க்கால் மடை உடைந்துபோனதற்காக, “சாமி, சாமி” என்று கும்பிட்டுக்கொண்டு நின்ற அந்த ஆண்டியை நாச்சிமுத்து காலால் உதைத்தபோது, கிணற்று மேட்டில் நின்று வசந்தாமணி பார்த்துக்கொண்டிருந்தாள்.