நீலக்கோடு

"எந்த முட்டாளாவது இங்க போய் ஊர் கட்டுவானா?"

கணினித் திரையைப் பார்த்துக் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். ராஜாக்கள் காலத்து விளையாட்டில் மனைவி கட்டிய முதல் நகரம் பத்து வீட்டோடு வளராமல் நின்றுவிட்டது.

"ஆறு ஓடுதேன்னுதாங்க கட்டினேன். இதோ, நீலமா."

"அது ஆறு இல்லம்மா, பக்கத்து ராஜாவோட எல்லைக்கோடு. நல்ல தண்ணி இல்லாம ஊர் எப்படி வளரும்? ஒரு எட்டு கிட்டப் போய்ப் பார்த்திருக்கக் கூடாதா?"

"விளையாட்டுதானேங்க."

"உன்னை நம்பி வந்த ஜனங்களுக்கு அது விளையாட்டா?"

கீழே ஹாரன் கேட்டது. தண்ணீர் லாரி. இருவரும் குடங்களோடு ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள்.

"நம்ம குடியிருப்புக்கு அனுமதி கொடுத்த ஆளும் என்னை மாதிரிதான் போல," என்றாள் மனைவி. வரிசையே சிரித்தது. அவர் மட்டும் குடத்துக்குள் எதையோ தேடினார்.

குடங்கள் நிறைந்ததும் டிரைவர் நோட்டை நீட்டினார். "கையெழுத்து, சார்."

பேனாவை வாங்கியவருக்குக் கை ஓடவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன், இந்த மனைப்பிரிவின் வரைபடத்தில் இருந்த நீலக்கோட்டை ஆறு என்று நினைத்து, நாற்காலியை விட்டு எழாமலே அனுமதி கொடுத்த நகரமைப்பு அதிகாரி அவர்தான். அது பக்கத்து வார்டின் எல்லைக்கோடு.

"நீயே போட்டுடும்மா," என்று பேனாவை மனைவியிடம் நீட்டினார்.

"நல்லா இருக்கே. ஆபீஸ்ல நாள் முழுக்க யோசிக்காம இதைத்தானே பண்றீங்க?"