இரண்டு புள்ளி குறைவு

வாசல் கொளுக்கியில் தொங்கிய சிநேகிதன் பிலேந்திரனின் குளிர்ச்சட்டையை ஜெயரத்தினம் மோந்து பார்த்தார். கழுத்துப் பக்கம், கைப் பக்கம், கடைசியாக உள்பை. சவர்க்கார மணத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"என்னத்தைத் தேடுறியள்?" குசினியிலிருந்து மனைவி சிவகாமி கேட்டாள்.

"ஒண்டுமில்லை. நல்ல சட்டையாக் கிடக்கு, அதுதான்."

ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் அவர்கள் இருந்த அடுக்குமாடியின் நிலவறையில் அவர்களுக்கு ஒரு சின்ன அறை உண்டு. ஜெயரத்தினம் ஆசை ஆசையாகக் காய்ச்சிய முதல் பியர், ஐந்து லீற்றர், அங்கேதான் ஒரு வாளியில் புளித்துக்கொண்டிருந்தது. பியர் மணம் பட்டாலே சிவகாமிக்குத் தலையிடிக்கும் என்பதால் வீட்டுக்குள் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அறைப் பூட்டின் திறப்பு ஒன்று வீட்டு வாசல் ஆணியில் தொங்கும். மற்றது பக்கத்துக் கட்டடத்தில் தனியாக இருக்கும் பிலேந்திரனிடம். தன்னுடைய கோடைகால டயர்களை அவன் அங்கே போட்டு வைத்திருந்தான்.

மூன்று நாளாக நீரமானி 1015 காட்டியது. பியரில் மிதக்க விடுகிற கண்ணாடிக் குழாய் அது. சீனி புளிக்கப் புளிக்கக் குழாய் தாழும், எண் இறங்கும். மூன்று நாள் ஒரே எண்ணில் நின்றால் புளிப்பு முடிந்தது என்று அர்த்தம். இன்று காலை பார்த்தால் 1013!

ஜெயரத்தினம் மனிதரை இலேசில் சந்தேகிக்கிறவர் இல்லை. முதலில் நீரமானியைச் சந்தேகித்தார். குழாய்த் தண்ணீரில் விட்டுப் பார்த்தார், சரியாக 1000. பியர் சூடாக இருந்ததோ என்று ஆறவிட்டுப் பார்த்தார், அதே 1013. மறுபடி புளிக்கிறதோ என்று பார்த்தால் ஒரு குமிழியைக் காணோம். வாளியின் மட்டமும் இம்மி குறையவில்லை.

தண்ணீர் கலந்தாலும் எண் இறங்கும். ஊரில் பால் சங்கத்தில் இதே மாதிரிக் குழாயால் தண்ணீர் கலந்த பாலை ஆறு வருடம் பிடித்த மனிதருக்கு இதற்கு மேல் என்ன யோசனை? யாரோ பியரை எடுத்துவிட்டு அந்த அளவுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

பியர் போனால் போகட்டும். பிலேந்திரன் குடியை விட்டு மூன்று வருடம். அந்தக் குடியால் தாயோடு பேர்கன் நகருக்குப் போன மகள் அனஸ்ரேசியா, ஐந்து வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் தகப்பனைப் பார்க்க வருகிறாள். "நீங்கள் சொன்னால் நம்புவன் மாமா. அப்பா திரும்பக் குடிக்கிறார் எண்டால் நான் ரெயின் ஏற முன்னம் சொல்லிப்போடுங்கோ" என்று கேட்டிருந்தாள். ஜெயரத்தினம் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால்தான் சட்டையை மோந்து பார்த்தார்.

குசினியில் பிலேந்திரன் ஏழாவது அப்பத்தில் இருந்தான்.

"அக்கா, என்னமாப் பொங்கியிருக்கு! இருபது வருசமாச் சாப்பிடுறன், நீங்கள் சுட்டு ஒருநாளும் இப்பிடி வரேல்லை."

"பிள்ளைக்கு இரவைக்குச் சுட வேணுமெல்லே. முதல்லை உங்களிலை சோதிச்சுப் பாக்கிறன்."

ஜெயரத்தினம் தொண்டையைச் செருமினார். "பிலேந்திரன், நேற்று நிலவறைக்குப் போனனியோ?"

"ஓம் அண்ணை. டயருக்குப் பின்னாலை பிள்ளையின்ரை சின்ன வயசு ஸ்கி கிடந்தது. துடைச்சு வைச்சனான்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு தலைமயிர் வெட்ட வேண்டும் என்று அவசரமாகப் புறப்பட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் ஜெயரத்தினம் தொலைபேசியை எடுத்தார். அனஸ்ரேசியாவின் எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்கோ மாமா. ஸ்டேசனிலைதான் நிக்கிறன். ஏறட்டோ?"

அந்தக் குரலில் சந்தோசம் துள்ளியது. ஏறாதே என்றால் சிநேகிதன் உடைந்து போவான். ஏறு என்றால் இந்தப் பிள்ளை இரண்டாம் முறை ஏமாறும்.

"பிள்ளை... கீழை பியரை ஆரோ எடுத்துப்போட்டுத் தண்ணி விட்டிருக்கினம். திறப்பு உங்கடை அப்பாவிட்டைத்தான்..."

சிவகாமி அகப்பையும் கையுமாக ஓடிவந்து தொலைபேசியைப் பறித்தாள். "ஏறு பிள்ளை, ஏறு! மாமா விசர்க்கதை கதைக்கிறார்." படாரென்று வைத்துவிட்டாள்.

"அவனைக் காப்பாத்தாதையும் சிவகாமி. நீரமானி பொய் சொல்லாது."

"அந்தாள் தொடக்கூட இல்லை. மூண்டு சுண்டு பியரை அளந்து எடுத்தது நான். தண்ணி விட்டதும் நான்."

ஜெயரத்தினம் மலைத்துப்போனார். இருபது வருடம் குடும்பம் நடத்திய மனைவியின் வாய்ப் பக்கம் மெல்ல மூக்கைக் கொண்டுபோனார். "நீர்... குடிச்சனீரோ?"

அவள் அகப்பைக் காம்பால் அந்த மூக்கைத் தள்ளிவிட்டாள்.

"அப்பம் பொங்க மாவுக்கு விடுற கள்ளுக்கு ஒஸ்லோவிலை நான் எந்தப் பனையிலை ஏறுறது?"