ஓராள் சுமை

பையின் ஜிப்பைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தேன்.

உள்ளே ஒரு வெள்ளைக் கம்பம், மூன்று துண்டுகளாக. ஒன்றின் மேல் ஒன்றைச் செருகினால் ஆள் உயரத்துக்கு நிற்குமாம். அதுதான் ஸ்பீக்கராம்.

"மிச்சமெல்லாம் எங்க?" என்றேன்.

"அவ்வளவுதான்" என்றாள் மார்லா.

அவளும் நானும் இருபது வருஷத்துக்கும் மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறோம். கல்யாணம், பள்ளிக்கூட நடனம், தீயணைப்புக்காரர்களின் பிக்னிக், எங்கே கூப்பிட்டாலும் பாட்டையும் விளக்கையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். நடுவில் எங்களுக்கு விவாகரத்து ஆனது. வேனை இரண்டாக வெட்ட முடியாது என்பதால் தொழிலை மட்டும் பிரிக்கவில்லை.

அந்த வேன் நிறைய என் சாமான்கள் இருந்தன. மேடைக்குக் குறுக்கே நிற்கும் அலுமினிய வளைவு. இரண்டு பேர் பிடித்தால்தான் அசையும் பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள். சுழலும் விளக்குகள். புகை மெஷின். ஒரு பெட்டி நிறைய வயர். வாசலில் கால் வைக்கும்போதே நெஞ்சுக்குள் அடி விழும். எங்கள் கிவானி வட்டாரத்தில் என் பேஸுக்கு அதிராத ஹால் கிடையாது.

போன மாதம் மார்லா எல்லாவற்றையும் விற்றுவிட்டாள். கேட்டுவிட்டுத்தான் விற்றாள். செய்யமாட்டாள் என்று நினைத்து நானும் சரி என்று சொல்லியிருந்தேன்.

இப்போது இந்தக் கம்பம். கூடவே செங்கல் அளவில் நாலைந்து பாட்டரி விளக்குகள். செல்போனில் விரலை இழுத்தால் நிறம் மாறும். குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்து, மறுநாளே தூக்கிப் போடுகிற பொம்மை மாதிரி.

நாங்கள் இருந்தது பௌலிங் விளையாடும் இடத்துக்குப் பின்னால் இருக்கிற ஹால். வெள்ளிக்கிழமை மீன் வறுத்த எண்ணெய் வாடையும், வாடகை ஷூக்களின் வாடையும் கார்ப்பெட்டில் ஊறிக் கிடந்தன. அதைக்கூடச் சகித்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்திருந்த விதத்தைத்தான் சகிக்க முடியவில்லை.

தலைமுடியை உருளைகளில் சுருட்டி, மேலே ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். மடியில் பொரித்த சீஸ் பொட்டலம். நகம் படாமல் நுனிவிரலால் எடுத்துத் தின்றாள். வேலைக்கு வருகிறவள் இப்படியா வருவாள்?

"பொணத்தப் பாக்குற மாதிரி பாக்காத கோர்டி. எடுத்து மாட்டு. நான் தொடமாட்டேன். நீ தனியா செய்யப் பழகணும்."

துண்டுகளைச் செருகினேன். ஒற்றை வயரைச் சுவரில் மாட்டினேன். விளக்குகளைச் சுவரோரம் வைத்தேன். முடிந்துபோனது.

சட்டை நனையவில்லை. முதுகு பிடிக்கவில்லை. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. வேலை செய்த மாதிரியே இல்லை.

"இத வச்சுக்கிட்டு ஜனங்க முன்னாடி நிக்கவே கூசுது" என்றேன். "அந்தப் பழைய வயரையாவது விட்டு வச்சிருக்கலாம்ல?"

அவள் மெல்வதை நிறுத்தினாள்.

"அந்த வயரா? அதுல ஒட்டின பீரையும் கேக் க்ரீமையும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வெந்நில துணிய நனைச்சுத் தொடச்சது யாருன்னு நெனச்ச? ஒரு தடவ எவனோ எடுத்த வாந்தி. அந்த நாத்தம் என் கையவிட்டுப் போனதே இல்ல."

எனக்குத் தெரியாது. சனிக்கிழமை பெட்டியைத் திறந்தால் வயர் சுத்தமாகச் சுருண்டு கிடக்கும். அது தானாகவே அப்படி இருக்கும் என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

பேச்சை மாற்ற ஒரு போல்கா நடனப் பாட்டைப் போட்டேன்.

கொசு ரீங்கரிக்கிற மாதிரி வரும் என்று காத்திருந்தேன். கடைசி மேஜைவரை தெளிவாகப் போனது. அக்கார்டியன் தனியாகக் கேட்டது. பாடுகிறவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. இத்தனை வருஷம் போட்ட பாட்டில் அவன் மூச்சு வாங்குவான் என்பதே எனக்குத் தெரியாது.

ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "பல்லு புடுங்குற எடத்துல போடுற பாட்டு மாதிரி இருக்கு" என்றேன்.

அவள் சிரித்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். போகும்போது, "பச்ச லைட்ட மட்டும் போட்டுடாத. நம்ம வயசு மூஞ்சில பச்ச அடிச்சா சகிக்காது" என்றாள்.

சாயங்காலம் ஹால் நிறைந்தது. பிராந்தி வாடை எண்ணெய் வாடையோடு சேர்ந்துகொண்டது. பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். பாரில் நின்ற ஒருவன் என் கம்பத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன கோர்டி, வேனத் தொலச்சிட்டியா?" என்று கேட்டான். நான் வயரை இன்னொரு தடவை சரிபார்த்தேன். அவன் ஒருமாதிரி என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டல்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லோரும் உட்கார்ந்ததும் கதவருகில் இருந்து சைகை வந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் தயார்.

மைக்கைக் கையில் எடுத்தேன். கணக்கில்லாத கல்யாணங்களில் சொன்ன வரிதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அப்படியும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்.

"எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க. மொத மொதலா புருஷன் பொண்டாட்டியா உள்ள வர்றாங்க. டென்னிஸ் நொவாட்னி..."

கதவைப் பார்த்தேன்.

"...மார்லா நொவாட்னி."